பதினோராவது புள்ளி

என் கடைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. ‘பிழை பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு காணப்படும் தவறுகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’ நிர்வாகம் என்றால் நான்தான். செஞ்சி பஸ் நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், பின்பக்கம் பிளக்ஸ் அடிக்கிற எந்திரம் ஒன்று. அத்தனையையும் நிர்வகிக்கும் ஒற்றை ஆள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கை வழியாகத்தான் ஊருக்குள் போகின்றன. பிழைகளும் அப்படியே.

அந்த அறிவிப்பைப் பலர் பார்த்திருக்கிறார்கள். படித்தது ஒரே ஒரு பெண். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை நேரத்தில் உள்ளே வந்து, நெட் வேண்டும் என்று கேட்டுவிட்டு, நான் சிஸ்டத்தைத் திறக்கும்வரை நின்றபடி அதை முழுசாகப் படித்தாள்.

“அப்ப யாரு பொறுப்பு?” என்றாள்.

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள்.

“கையெழுத்து போட்டவங்கதான்மா.”

“தப்பு பண்ணது நீங்க. பாக்காம விட்டது அவங்க. ரெண்டும் வேற இல்லயா?”

சிஸ்டம் திறந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எப்படியாவது அவள் கண்ணில் பட்டு, எந்தப் பத்தியில் என்ன தப்பு என்று வரிசையாகத் திருத்தம் வரும் என்ற பயம் எனக்கு உண்டு. மேல்சித்தாமூர்க்காரி. சமணக் குடும்பம். அப்பாவுக்கு நெல்லும் வேர்க்கடலையும் விளைகிற கொஞ்சம் நிலம். வடக்கே ஏதோ ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு அங்கேயே வேலை செய்துகொண்டிருந்தாள். அப்பா கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டாள். அம்மா இல்லை. ஊரில் நெட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதனால் காலையில் அப்பாவுக்கு வேண்டியதைச் செய்து, பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லிவிட்டு, பஸ் ஏறி என் கடைக்கு வருவாள். இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு. எனவே எந்த வேலை இருந்தாலும் நாலரை பஸ்ஸை விடமாட்டாள்.

முதல் நாள் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டேன். ஆராய்ச்சி என்று தெரிந்ததும் மேடம் என்றேன். மேடம் என்றால் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால் கடைசியில் ‘மா’வில் வந்து நின்றேன். அவள் எனக்கு முதலிலிருந்தே அண்ணா.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. தான் சொன்னது தப்பு என்று தெரிந்த அடுத்த நொடி அதைச் சொல்லிவிடுவாள். மணி என்ன என்று கேட்டால் மணி சொல்கிற அதே குரலில் சொல்வாள். வெட்கம் கிடையாது, வருத்தம் கிடையாது, சுற்றி யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது கிடையாது. “இல்ல, நான் சொன்னது தப்பு.” அவ்வளவுதான். அதோடு விட்டிருந்தால் நல்ல பெண் என்று சொல்லிவிட்டுப் போகலாம். மற்றவர்கள் தப்பையும் அதே குரலில் சொல்வாள்.

ஒருநாள் ஒரு பெரியவர் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு கடைக்குள் நுழைந்தார். பெண்ணின் அப்பா. அவர் பேருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ என்று அச்சாகியிருந்தது. ஐந்நூறு பத்திரிகையிலும் அவர் செத்துப்போயிருந்தார். நான் பதறவில்லை. டிராயரைத் திறந்து, அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். தன்மேல்தான் தப்போ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தை நம்பித்தான் நான் இத்தனை வருஷம் தொழில் செய்கிறேன்.

மூலையிலிருந்து அவள் குரல் வந்தது. “அண்ணா, அவரு கையெழுத்து போட்டப்ப அந்த வார்த்தை இல்ல. அப்புறம் அந்த வரி சின்னதா இருக்குதுன்னு நீங்கதான் பழைய பத்திரிகையிலேர்ந்து எடுத்துப் போட்டீங்க.”

உண்மை. வரியில் இடம் காலியாக இருந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஐந்நூறையும் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் வரை அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. “நாளைக்கு வரேண்ணா” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

இன்னொரு நாள் அமாவாசை. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்களும் ஜனமும் கடை வாசல்வரை நெருக்கியடித்தன. ஒரு கிழவி வந்து மலையனூர் பஸ் எது என்று கேட்டாள். இவள் ஒரு பஸ்ஸைக் காட்டினாள். நானும் கல்லாவிலிருந்து, ஆமாம் அதேதான் என்று தலையாட்டினேன். பஸ் கிளம்பியதும் இவள் அதன் பின்பக்கப் பலகையைப் படித்தாள். திருவண்ணாமலை.

“தப்பா ஏத்திட்டேன்,” என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஆட்டோ பிடித்து, கோட்டை மலைகளுக்கு இடையில் போகிற ரோட்டில் பஸ்ஸை மறித்து, கிழவியை இறக்கிக்கொண்டு வந்து சரியான பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டுத்தான் கடைக்குள் வந்தாள். வழி முழுக்கக் கிழவி திட்டினாளாம்.

“கண்டக்டரே இறக்கி விட்டிருப்பாருமா,” என்றேன்.

“விட்டிருப்பாரு. ஆனா தப்பா ஏத்தினது நான்தானே?”

நானும் தலையாட்டினேன் என்பதை அவள் சொல்லவில்லை. கவனித்திருக்கமாட்டாள் என்று நினைத்து நிம்மதியானேன்.

இந்தப் பழக்கத்தின் இன்னொரு பக்கத்தை அவள் வீட்டில் பார்த்தேன். ஏதோ பிரின்ட் கொடுக்கப் போயிருந்தேன். அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தை மாதத்துக்குள் கம்பு இல்லாமல் நடந்துவிடலாம் என்று மகள் அவருக்குச் சொல்லியிருந்தாள். பிறகு ஆஸ்பத்திரி காகிதங்களை ஒழுங்காகப் படித்துவிட்டு, முந்தின நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “நான் சொன்னது தப்பு நைனா. இனிமே கம்பு இல்லாம நடக்க முடியாது” என்று சொல்லிவிட்டாள்.

அவள் உள்ளே போனதும் அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். “டாக்டரே பாத்துக்கலாம் பெரியவரேன்னுதான் சொன்னாரு. இது வந்து திருத்திட்டுப் போவுது. நான் ஒரு மாசம் நம்பிக்கினு இருந்திருப்பேன். அதுல இன்னா நஷ்டம்?”

எனக்கும் ஒரு நஷ்டமும் தெரியவில்லை. ஆனால் அடுத்த தடவை போனபோது அவர் கம்போடு வாசல்வரை வந்திருந்தார். கம்பு இல்லாத நாளுக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டார் போல.

அவள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேட்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. கேட்டால் புரியாது என்ற பயம்தான் காரணம். ஒருநாள் கரண்ட் போயிருந்தது. வேறு வேலையில்லாமல் கேட்டேன்.

“எக்ஸ்ரே லேசர்னு ஒண்ணு இருக்குதுண்ணா. பெரிய மெஷின், ஒரு ஊரு நீளம் இருக்கும். அதுலேர்ந்து எக்ஸ்ரே விட்டு விட்டு வரும். ஒவ்வொரு துடிப்பும் ரொம்பக் கொஞ்ச நேரம்தான்.”

“எவ்ளோ நேரம்?”

“ஒரு செகண்டை ஆயிரம் துண்டா வெட்டுங்க. அதுல ஒரு துண்டை எடுத்து மறுபடி ஆயிரம். அந்த மாதிரி அஞ்சு தடவை. கடைசியா கையில இருக்குற மாதிரி துண்டுல சிலது. அதுக்குள்ள முடிஞ்சிரும். ஆனா அவ்ளோ சக்தியும் அந்த நேரத்துக்குள்ள ஒரு அணு மேல விழும். அப்ப அந்த அணு எலெக்ட்ரானை எல்லாம் இழக்கும். எந்த வரிசையில, எவ்ளோ வேகமா இழக்குதுன்னு கணக்குப் போடுறதுதான் என் வேலை.”

“வெளிய இருக்குறது முதல்ல போவும்,” என்றேன். பிளஸ் டூவில் பிசிக்ஸில் தேறிய தைரியம்.

அவள் வாசலைக் காட்டினாள். “மலையனூர் பஸ்ஸை எடுத்துக்கங்க. படியில தொங்குறவன்தான் முதல்ல விழுவான். சாதாரண வெளிச்சம் அப்படித்தான், வெளிய இருக்குற எலெக்ட்ரானைத் தட்டும். எக்ஸ்ரே அப்படி இல்ல. நேரா உள்ள போயி சீட்டுல உக்காந்திருக்குறவனைத் தூக்கி வெளிய போடும். உடனே நின்னுக்கிட்டு இருக்குறவன் ஒருத்தன் அந்தக் காலி சீட்டுல விழுவான். அவன் விழுற வேகத்துல இடிபட்டு இன்னொருத்தன் படியிலேர்ந்து கீழ போவான். அப்ப எக்ஸ்ரே தூக்குனது ஒண்ணு, போனது ரெண்டு. அதுக்குள்ள அடுத்த எக்ஸ்ரே வந்துரும். மறுபடி சீட்டு காலி.”

“ஆள் உக்காரதுக்குள்ள உள்ள இருக்குற எல்லா சீட்டும் காலியாயிட்டா?”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாக ஒரு மரியாதை இருந்தது. “அதுதான்ணா இதுல அழகே. துடிப்பு அவ்ளோ சின்னதா இருந்தா அது நடக்கும். அப்ப உள்ள தட்டுறதுக்கு ஆள் இல்ல. அந்தக் கொஞ்ச நேரம் எக்ஸ்ரே பெரும்பாலும் அந்த அணுவைத் தொடாம தாண்டிப் போயிரும்.”

அந்த மரியாதையை நான் இரண்டு நாளில் செலவழித்துவிட்டேன். டீக்கடையில் இதை விளக்கப் போய், எக்ஸ்ரேயால் ஓடுகிற பஸ்ஸை மேல்சித்தாமூர்ப் பெண் ஒருத்தி கண்டுபிடித்திருக்கிறாள் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. டிக்கெட் எவ்வளவு என்று என்னிடமே ஒருவர் கேட்டார்.

அப்போதுதான் அந்த இன்டர்வியூ வந்தது. சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் நிரந்தர வேலை. அவள் ஆசைப்பட்டதெல்லாம் அது ஒன்றுக்குத்தான். மூன்று மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம், அப்பாவை விட்டுவிட்டு வடக்கே போக வேண்டாம். கடைசிச் சுற்றுக்கு வருகிறவர்கள் தங்கள் ஆராய்ச்சியை ஒரு பெரிய படமாக மாட்டி, அதன் முன்னால் நின்று விளக்க வேண்டும். அவள் முந்தின வருஷம் வெளியிட்டிருந்த கட்டுரையைத்தான் படமாக்க வேண்டும். அந்தக் கட்டுரையால்தான் அவளை இன்டர்வியூவுக்கே கூப்பிட்டிருந்தார்கள். நான்கடிக்கு மூன்றடி பிளக்ஸ். என் தொழில் வாழ்க்கையில் இங்கிலீஷில் நான் அடித்த முதல் அறிவியல் பேனர்.

நியான் அணு. அதில் பத்து எலெக்ட்ரான். உள் வட்டத்தில் இரண்டு, வெளி வட்டத்தில் எட்டு. ஒவ்வொரு கட்டத்திலும் எது எங்கே இருக்கிறது என்று அவள் கணக்கிலிருந்து எடுத்த பட்டியலைக் கொடுத்துவிட்டு நாலரை பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் பெட்டி பெட்டியாக வரைந்தேன். உள்ளே இருப்பது நீலப் புள்ளி, வெளியேறியது சிவப்புப் புள்ளி. ஒரு பெட்டியை நகலெடுத்து, புள்ளிகளை நகர்த்தி அடுத்த பெட்டி. கோலம் போடுகிற மாதிரி சுகமாகப் போனது.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெட்டியில் புள்ளி பத்தவில்லை. உள்ளே இரண்டு, வெளியேறியது ஒன்பது என்று பட்டியல் சொன்னது. என்னிடம் இருந்தது பத்துப் புள்ளி. இரண்டு தடவை எண்ணினேன். வேறொருவனாக இருந்தால் போன் செய்து கேட்டிருப்பான். நான் ஒரு சிவப்புப் புள்ளியை நகலெடுத்துக் காலியாக இருந்த இடத்தில் வைத்தேன். பார்க்க அழகாகவும் இருந்தது.

மறுநாள் அடித்துக் காயவைத்திருந்த பிளக்ஸை அவள் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெட்டியில் நின்றாள்.

“அண்ணா, இங்க ஒரு புள்ளி ஜாஸ்தியா இருக்குது. இது யாரு போட்டது?”

அந்தக் கேள்வியை நான் பல பேர் வாயிலிருந்து கேட்டுப் பழகியவன். எனக்குச் சாதகமான விடை அதற்கு இருந்தது அன்று ஒருநாள்தான். “உன் லிஸ்ட்டைப் பாருமா,” என்று எடுத்து நீட்டினேன். “உள்ள ரெண்டு, வெளிய ஒம்போது. நீ குடுத்ததுதான்.” குரலில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அவள் பட்டியலைப் பார்த்தாள். சிஸ்டத்தில் உட்கார்ந்து தன் புரோகிராமைத் திறந்தாள். மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. மூன்று மணிக்கு என் பக்கம் திரும்பினாள்.

“நின்னுக்கிட்டு இருக்குறவன் சீட்டுல விழுந்தா இன்னொருத்தன் கீழ போவான்னு சொன்னேன் இல்ல? அதுக்கு ரெண்டு பேரு நிக்கணும். ஒரே ஒருத்தன்தான் பாக்கின்னா அவன் உக்கார மட்டும்தான் செய்வான். கீழ போறதுக்கு ஆள் இல்ல. என் கணக்குல அந்த ஒரே ஆளு சீட்டுலயும் உக்காந்துட்டான், கீழயும் விழுந்துட்டான்.”

“கம்ப்யூட்டர் தப்புன்னு காட்டலையா?”

“காட்டியிருக்கும். நிக்கிற ஆளோட எண்ணிக்கை மைனஸ்ல போயிருக்கும். அப்படிப் போனா சைபர்னு வச்சுக்கோன்னு நானே ஒரு வரி எழுதி வச்சிருக்கேன். அந்த வரிதான் மூடி வச்சிருச்சு.” பிறகு அந்த மணி சொல்கிற குரலில், “என் கட்டுரையே அந்தக் கடைசி எலெக்ட்ரானுங்க எவ்ளோ வேகமா போவுதுங்கறதுதான்ணா. அது தப்பு,” என்றாள்.

அப்போதுதான் எனக்கு என் சந்தோஷத்தின் விலை புரிந்தது. இன்டர்வியூவுக்கு ஒன்பது நாள் இருந்தது.

“வேலை கிடைச்ச அப்புறம் திருத்திக்கலாம்மா. ஒரு புள்ளி. யாரு எண்ணப் போறா?”

“நான் எண்ணிட்டேனே.”

“நைனாவை நெனச்சுப் பாரு.”

அவள் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்று தோன்றியது. பிறகு தன் பழைய ஆராய்ச்சி வழிகாட்டிக்கும் கட்டுரை வெளியான பத்திரிகைக்கும் கடிதம் அடித்து அனுப்பிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். மறுநாள் கடையில் இருந்தபோது வழிகாட்டி போனில் கத்தியது எனக்கே கேட்டது. அவள் ஆமாம் சார், என் தப்புதான் சார் என்று மட்டும் சொன்னாள்.

ஒன்பது நாளில் கணக்கைத் திரும்பப் போட்டாள். புதுப் படம் அடித்தோம். அதன் தலைப்புக்குக் கீழேயே, எங்கள் முந்தைய கட்டுரையில் பிழை இருந்தது என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னாள். சின்ன எழுத்தில் போடலாம் என்று மன்றாடினேன். கேட்கவில்லை. இன்டர்வியூவுக்கு முந்தின நாள் பழைய பிளக்ஸை ஓர் அட்டைக் குழாயிலும் புதுசை இன்னொன்றிலும் அவளே சுருட்டிப் போட்டு, மூடியில் ‘பழசு’, ‘புதுசு’ என்று அவள் கையாலேயே எழுதினாள். பஸ் கூட்டத்தில் நசுங்கும், காலையில் சென்னை பஸ் ஏறும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று கடையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அவள் பஸ் கிளம்பியதும் நான் இரண்டு குழாயையும் திறந்து உள்ளே இருந்ததை மாற்றிப் போட்டேன்.

நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாட்டிவிட்ட பிறகு அவளால் என்ன செய்ய முடியும், இருப்பதை வைத்துத்தானே பேசியாக வேண்டும், வேலை கிடைத்துவிடும், அப்புறம் திட்டினாலும் பரவாயில்லை. அவளை ஐந்து மாதமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவன் போட்ட கணக்கு இது.

இரண்டு நாள் கழித்து வந்தாள். நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

“நான் குழாயை மாத்திப் போட்டுட்டேன்ணா. புதுசுன்னு எழுதினதுல பழசு இருந்துச்சு. நானே சுருட்டி, நானே எழுதி, எப்படி மாத்தினேன்னு தெரியல. எவ்ளோ யோசிச்சாலும் ஞாபகம் வரல.”

“அப்புறம் இன்னாமா பண்ணே?”

“தப்பான படத்தைக் கொண்டு வந்துட்டேன், இந்தப் படமே தப்புன்னு சொன்னேன். அந்தப் பதினோராவது புள்ளியைக் காட்டினேன். அப்புறம் பிளக்ஸைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சு இல்ல, அதுல மார்க்கரால சரியானதை வரைஞ்சேன். கேட்டாங்க. கணக்கைப் பத்தி நல்லாத்தான் கேட்டாங்க. கடைசியில தலைவரு ஒண்ணு சொன்னாரு. எந்தப் படத்தை எடுத்துட்டு வரோம்னு பாக்காதவங்க கணக்கை நாங்க எப்படிம்மா நம்புறதுன்னாரு.”

“நீ இன்னா சொன்னே?”

“சரியான கேள்விதான்னு சொன்னேன்.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். வந்தது, “டீ சொல்லட்டுமா?” என்பதுதான். அவள் வேண்டாம் என்றாள். எனக்கு மட்டும் வாங்கிக் குடித்தேன்.

வேலை வேறு யாருக்கோ போனது. அவள் அதற்கப்புறம் எதையும் பையில் வைப்பதற்கு முன்னால் விரித்துப் பார்ப்பாள். நான் கொடுக்கிற ஒற்றைப் பக்க ஜெராக்ஸைக்கூட முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பாள். பார்க்கிற ஒவ்வொரு தடவையும் நான் கல்லாவைத் திறந்து சில்லறையை எண்ணுவேன். சில மாதத்தில் திருத்திய கணக்கு அதே பத்திரிகையில் வந்தது. அதைப் படித்துவிட்டு, எக்ஸ்ரே லேசர் இருக்கிற ஒரு வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அப்பா கம்போடு பஸ் நிலையம்வரை வந்து வழியனுப்பினார். நான் பெட்டியைத் தூக்கி வைத்தேன்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவள் வெளிநாடு கிளம்பிய மாதமே ஒரு காதுகுத்து பேனரில் குழந்தையின் பெயரைத் தப்பாக அடித்துவிட்டு, வந்தவரிடம் தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிப் பார்த்தேன். தாய்மாமன்கள் மூன்று பேர் வந்தார்கள். அடுத்த வாரமே பழைய வழிக்குத் திரும்பிவிட்டேன்.

போன வருஷம் பொங்கலுக்கு அவள் ஊருக்கு வந்திருந்தாள். அப்பாவின் பட்டாவை ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தாள். தலையில் இரண்டு நரை. மற்றபடி அதேதான். இப்போது அந்த லேசருக்குப் பக்கத்திலேயே வேலை. அளந்து பார்த்ததில் அவள் கணக்கு ஓரிடத்தில் பொருந்தவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னாள். ஜெராக்ஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னும் அந்தப் பழக்கம் போவலியா?” என்றேன்.

“எப்படிப் போவும்ணா? புதுசா சேர்ற பசங்களுக்கு முதல் நாளே அந்தக் குழாய் கதையைத்தான் சொல்வேன். ஒரு தடவை பாக்காம எடுத்துட்டுப் போனேன், என்ன ஆச்சு பாருங்கன்னு.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொன்னேன். மெஷினைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவள் கையிலிருந்த ஜெராக்ஸைக் கீழே வைத்தாள். பிறகு, “எப்ப மாத்தினீங்க?” என்றாள்.

“நீ பஸ் ஏறினதும்.”

“எதுக்கு?”

“வேலை கிடைக்கணும்னு.”

“அது கிடைச்சிருந்தா நைனாகூட இருந்திருப்பேன்.” அவள் குரல் முதல் தடவையாக மணி சொல்கிற குரலாக இல்லை. “ஏழு வருஷம்ணா. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பாக்குறேன். எனக்கு ஞாபக மறதி நோயோன்னுகூட பயந்திருக்கேன். எவ்ளோ யோசிச்சாலும் மாத்திப் போட்டது ஞாபகம் வரலியேன்னு.”

மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை. அவளும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் பழைய மூலையில் போய் உட்கார்ந்து சிஸ்டத்தைத் திறந்தாள்.

“இன்னாமா பண்றே?”

“பசங்களுக்கு எழுதணும். அந்தத் தலைவருக்கும் எழுதணும்.”

“அவரு எப்பவோ மறந்திருப்பாரு.”

“அப்ப முதல்ல ஞாபகப்படுத்தணும். அப்புறம் திருத்தணும்.”

கொஞ்ச நேரம் அடித்தாள். நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

“உங்க பேரைப் போட வேண்டி இருக்குது. போடலாமா?”

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. ஜெராக்ஸ் எடுக்க ஒருவர் வாசலில் வந்து நின்றார். இருக்கச் சொன்னேன்.

“போடுமா,” என்றேன்.

“ஸ்பெல்லிங் சொல்லுங்க.”

எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவள் அடித்து முடித்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பி, சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். குனிந்து பார்த்தேன். இனிஷியல் விட்டுப்போயிருந்தது. அதையும் சேர்க்கச் சொன்னேன்.